கம்ப்ரசருக்கு ஒரு மணி

கம்ப்ரசர் பேரிங்கின் தலையில் ஓர் எட்டணாக் காசை விளிம்பில் நிறுத்திவைத்து, கௌஸ் மைதீன் ஐம்பது வரை எண்ணுவார். காசு விழவில்லை என்றால்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படகுத்துறைக்கு நடப்பார். சுண்ணாம்புக்குளத்துப் படகு வரும் வேளை அது.

பழவேற்காட்டு ஐஸ் ஃபேக்டரியில் அமோனியா கம்ப்ரசர் ஓட்டுகிறவர் அவர். ஊருக்கு 'டிரைவர் பாய்'. இருபது வருட இரைச்சலில் காது முக்கால்வாசி போய்விட்டது. கம்ப்ரசரின் நலத்தை உள்ளங்கையை வைத்துத்தான் விசாரிப்பார். மனிதர்களிடம் விசாரிக்க அவருக்கு ஒரே விஷயம்தான் உண்டு.

"அமீனா வூட்டாண்ட போனியா? புள்ள இன்னா பண்ணுது?"

நண்டுக் கூடையோடு இறங்கும் வசந்தா அவர் காதருகே கத்துவாள். "உக்காருது பாய். ரெண்டு பல்லு மொளச்சிருக்கு. நீயே வந்து பாரேன், உன் மெஷினு இன்னா கைக்கொழந்தையா?"

சிரித்துக்கொள்வார். மேல்பல்லா கீழ்ப்பல்லா என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்.

அமீனா அவருடைய தாயில்லா மகள். தலைப்பிரசவத்தைக்கூட மாமியார் அக்தர் பேகமே தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பச்சைக் குழந்தையை ஏரி தாண்டிக் கொண்டுவர அந்த அம்மாளுக்கு மனசில்லை. பாய் போகலாம், காற்று சரியாக இருந்தால் அரை நாள் பயணம். ஆனால் எண்பத்தொன்றில் மகளின் நிக்காஹுக்காகச் சுண்ணாம்புக்குளம் போன அந்த ஒரே நாளில்தான் பேரிங் சூடேறி இறுகிப்போனது. அது அதிர ஆரம்பித்ததை யாரும் கவனிக்கவில்லை, நிறுத்தவுமில்லை. நான்கு நாள் ஐஸ் இல்லை. லைட்ஹவுஸ் குப்பத்து இறால் முழுவதும் கறுத்து, கூடை கூடையாக மணலில் குழிதோண்டிப் புதைத்தார்கள். அதன் பிறகு பாய் ஊரைவிட்டு நகரவில்லை. பேத்திக்கு எட்டு மாதம் ஆகிறது. இன்னும் முகம் பார்க்கவில்லை.

அதிர்வைக் கண்டால் தானே மணி அடிக்கும் பெட்டி ஒன்று இருக்கிறது என்று எங்கோ கேள்விப்பட்டு, முதலாளியை விடாமல் நச்சரித்தவர் அவர்தான். மதராஸிலிருந்து இளங்கோவன் என்ற இன்ஜினியர் வந்து பேரிங்கின் மேல் அதைப் பூட்டினார். சோப்புப் பெட்டி அளவு இருக்கும். உள்ளே ஒரு காந்தம், ஒரு ஸ்பிரிங். ஆட்டம் அளவு மீறினால் கூரையிலிருக்கும் மணி அலறும். எவ்வளவு ஆட்டம் மீறல் என்பதைப் பக்கத்திலுள்ள ஒரு திருகில் வைக்க வேண்டும். "அத நீங்கதான் பாத்துப் பாத்து வெக்கணும்" என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் பஸ் ஏறிவிட்டார்.

திருகை இறுக்கினால் மணி ஊமை. தளர்த்தினாலோ, தொட்டியிலிருந்து ஐஸ் பார் தரையில் விழும்போதெல்லாம் அடித்தது. மீன் கூடையோடு ஐஸுக்குக் காத்திருந்த ராஜாத்தி, "இன்னா பாய், ஸ்கூல் வுட்டாச்சா?" என்றாள். கூட்டமே சிரித்தது. பாய் கோபப்படாமல் திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டிருந்தார். ஒன்பது நாள் அப்படிப் போனது. பத்தாம் நாள் பார் விழுந்தும் மணி அடிக்கவில்லை. அன்றைக்கே வசந்தாவிடம், "வெள்ளிக்கிழம வரேன்னு சொல்லிடு" என்று சேதி அனுப்பிவிட்டார்.

வியாழனன்று கடைசியாக ஒரு சோதனை. மெஷின் வேண்டுமென்றே ஆடட்டும் என்று, சக்கரத்தின் ஓரத்தில் ஒரு போல்ட்டைக் கம்பியால் கட்டி ஓட்டினார். காசு துள்ளி விழுந்தது, உள்ளங்கை மரத்துப்போனது. "அடிக்குதா?" என்று கூட வேலைபார்க்கும் ரங்கனைக் கேட்டார். ரங்கன் தலையை ஆட்டினான்: இல்லை.

பெட்டியைக் கழற்றினார். அதற்கும் பேரிங்குக்கும் நடுவே, நாலாக மடித்த பழைய வலைத்துண்டு.

ரங்கன் குப்பத்துக்காரன். படகில் எது ஆடினாலும் உரசினாலும் அங்கே வலையை மடித்துத் திணிப்பது அவன் கைப்பழக்கம். "சும்மா சும்மா கத்திக்கினு இருந்துச்சு பாய். நீயும் தெனம் பேச்சு கேட்டுக்கினு இருந்த. அதான் அணை குடுத்தேன்" என்றான்.

"அதோட வாயப் பொத்திட்டியேடா. வெந்து போனாலும் கத்தாதே இது."

அந்த வெள்ளிக்கிழமைப் படகு அவரை விட்டுவிட்டுப் போனது. அன்று முழுக்க இருவரும் கிழிந்த வலைகளைத் தேடிச் சேர்த்து, ஐஸ் பார் விழும் இடத்தில் மெத்தைபோல் பரப்பினார்கள். இப்போது பார் பொத்தென்று விழுந்தது, மணி அசையவில்லை. போல்ட்டைக் கட்டி ஓட்டியதும் அலறியது.

"அடிச்சா மொதல்ல நிறுத்து. அப்புறம் என்ன ஏதுன்னு பாரு" என்றார் பாய்.

"நீ இல்லாங்காட்டி?"

"நிறுத்திட்டினா நான் எதுக்குடா?"

அடுத்த வெள்ளி, ஜும்மா முடிந்ததும் வெள்ளைச் சட்டையில் அத்தர் மணக்கத் துறைக்கு வந்தார். கையில் ஒரு துணிமூட்டை. அதற்குள் குழந்தைக்கு ஒரே மாதிரி மூன்று கவுன். எது சரியாக இருக்கும் என்று தெரியாததால் மூன்று அளவில் எடுத்திருந்தார். முழங்கால் தண்ணீரில் நின்று படகின் விளிம்பைப் பிடித்தபோது, உள்ளே உட்கார்ந்திருந்த வசந்தா ஃபேக்டரிப் பக்கம் திரும்பினாள்.

"பாய், மணி அடிக்குது."

அவர் காதருகே கையைக் குவித்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கரையை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். கரையில் நாலு வள்ளத்து இறால் ஐஸுக்குக் காத்துக் கிடந்தது.

"இன்னும் அடிக்குதா?"

"அடிக்குது." வசந்தா கையை உயர்த்தியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "அடிக்குது... நின்னுடுச்சு."

"மணியா, மெஷினா?"

"ரெண்டும்தான்."

மாற்று பேரிங் அலமாரியில் இருக்கிறது. ரங்கன் கூட இருந்து இரண்டு முறை மாற்றியிருக்கிறான். பொழுது சாய்வதற்குள் முடிகிற வேலைதான்.

படகுக்காரர் பொன்னுரங்கம் கோலை ஊன்றிக்கொண்டு கேட்டார். "இன்னா பாய், வரியா, இல்லியா? காத்து மாறுது."

பாய் மூட்டையை வசந்தாவின் மடியில் வைத்தார். இந்த முறையும் சாமானை மட்டும் கொடுத்தனுப்புகிறார் என்று எண்ணி, படகில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் பின்பக்கம் போய், வெள்ளைச் சட்டைத் தோளைப் படகுக்கு முட்டுக்கொடுத்து, மணலைவிட்டு அது நகரும்வரை தம் பிடித்துத் தள்ளி, எம்பி உள்ளே விழுந்தார்.