பாரம் குறைந்த வானொலிப் பெட்டி

மாமி அந்த வானொலிப் பெட்டியைத் தூக்கிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சனிக்கிழமைகளில் அதை இரண்டு கைகளாலும் இறக்கி, தூசி தட்டி, மேலே விரித்த பின்னல் துணியை மாற்றி வைப்பார். அன்றும் வழக்கமான பலத்தைக் கொடுத்துத் தூக்கினார். பெட்டி விசுக்கென்று மேலே வந்து அவருடைய நாடியில் இடித்தது. அதை நெஞ்சோடு பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பெட்டி ஏன் பாரமில்லாமல் கிடக்கு?"

மாமி என் மனைவியின் தாய். கல்யாணமான புதிதில் நாங்கள் கடற்கரையோரக் குருநகரில் அவருடைய வீட்டில்தான் இருந்தோம். எனக்குக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞர் வேலை. வேலை முடிந்து வந்தால் சிறு வானொலிகள் செய்து பார்ப்பேன். அப்போது எழுபதுகளின் முற்பகுதி. இறக்குமதி கட்டுப்பட்டுக் கிடந்தது. திரான்சிஸ்டர்களைக் கொழும்பில் இருந்த நண்பன் ஒருவன் எப்படியோ அனுப்பிவிட்டான். கம்பிதான் கிடைக்கவில்லை. சுருள் சுற்றுவதற்கு எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பி வேண்டும். பெரியகடைச் சந்தையில் ஒருவரிடம் இருந்தது; அவர் சொன்ன விலையைக் கேட்டுப் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். சைக்கிள் டைனமோவைப் பிரித்தேன். அதன் கம்பி நூல் நூலாக அறுந்தது. இணுவிலில் மோட்டர் திருத்தும் கடையொன்றில், எரிந்துபோன நீர்ப்பம்பியின் கம்பியைச் சும்மாவே தந்தார்கள். எனாமல் முழுவதும் கருகியிருந்ததால் அதுவும் உதவவில்லை.

அதன்பிறகுதான் என் கண் மாமியின் பெட்டியில் விழுந்தது. மாமா உயிரோடிருந்தபோது வாங்கிய வால்வு வானொலி அது. பல வருடங்களாகப் பேசவில்லை. உள்ளே இருந்த மின்மாற்றியில் நல்ல கம்பி கனக்க இருக்கும் என்று எனக்குத் தெரியும். பழுதான சாமான்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒரு ஞாயிறு எல்லோரும் பூசைக்குப் போனதும் பின்தட்டைக் கழற்றி அந்த இரும்புக் கட்டியை எடுத்துவிட்டேன். பாரத்தைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவில்லை.

மாமி கேட்டதும் உள்ளதைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. பெட்டியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். இரண்டு நாள் சோறு போட்டார், கதைக்கவில்லை. மனைவியும் என்னோடு முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் மாமியே வந்து என் மேசையருகே நின்றார்.

"எடுத்த கம்பியை என்ன செய்தனீங்கள்?"

பாதி சுற்றிய சுருளைக் காட்டினேன். அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"காத்து மழைச் செய்தி கேக்கத்தான் மாமா உந்தப் பெட்டியை வாங்கினவர். அது பழுதாகி ஒரு கிழமையிலை கடலுக்குப் போனவர், வரேல்லை. காத்து வருமெண்டு றேடியோவிலை சொன்னவங்களாம். ஊருக்கெல்லாம் கேட்டது, எங்கடை வீட்டிலை மட்டும் கேக்கேல்லை." சுருளைத் திரும்ப என் மேசையில் வைத்தார். "பிறகு அதைத் திருத்தவும் எனக்கு மனம் வரேல்லை. எறியவும் வரேல்லை."

மாமா கடலில் போனது தெரியும்; இது தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"நீங்கள் செய்யிறது பற்றரியிலை பாடுமோ?"

"ஓம் மாமி."

"அப்ப கெதியாய்ச் செய்யுங்கோ. கம்பி போதாட்டில் மிச்சத்தையும் எடுங்கோ. தம்பிக்காரன் வள்ளத்திலை கொண்டு போகட்டும்."

தம்பிக்காரன் என்றது என் மனைவியின் தம்பியை. தகப்பனின் தொழிலுக்கே அவனும் போய்க்கொண்டிருந்தான். அன்றிலிருந்து மின்மாற்றியை மாமி பிடித்துக்கொள்ள, நான் கம்பியை இழுத்துத் தடியில் சுற்றினேன். அறுந்தால் அவர்தான் முதலில் கண்டு சொல்வார். இப்போது அந்தக் கம்பி எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் அந்த நாட்களில் சுற்றியதுபோல ஒரு சுருளையும் நான் அவ்வளவு கவனமாகச் சுற்றியதில்லை.

வானொலி முதலில் இரைந்தது, பிறகு பேசியது. சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம், வடகடலில் பலத்த காற்று வீசக்கூடும் என்று அது சொன்னது. தம்பிக்காரன் முணுமுணுத்தபடி வலையைத் திரும்ப வைத்தான். காற்று வரவேயில்லை. அடுத்த நாள் காலை கடல் தட்டுப்போலக் கிடந்தது. போனவர்கள் நிறைய மீனோடு வந்தார்கள்.

"அத்தான்ரை றேடியோவை நம்பி ஒருநாள் தொழில் போச்சு" என்று அவன் என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டான்.

மாமி அவனுடைய கோப்பையில் இன்னொரு அகப்பை கூழ் ஊற்றினார்.

"போனால் போகட்டும்" என்றார். "நீ இருந்து குடி."