அக்காளும் ஆற்றங்கரைச் சூளையும்

எங்கள் அக்காளின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். பெற்ற தகப்பனைக் கைவிட்ட கல்நெஞ்சுக்காரி என்று அக்காளை உங்களில் சிலர் சொன்னதுண்டு. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

புதுக்கடைக்குத் தெற்கே, ஆறு கடலைச் சேருமுன் அகன்று கிடக்கும் வண்டல் கரையில் அக்காள் பிறந்தார். அங்கே எங்களுக்குச் செங்கல்லைத் தவிர வேறு பிழைப்பில்லை. அப்பா சூளைக்குத் தீ போடுபவர். அக்காள் சிறுவயதிலேயே மண் மிதித்தார். வளர்ந்ததும் அச்சில் கல் அறுத்தார். அதே சூளையில் கல் அடுக்கிய அத்தானை மணந்தார்.

நாடு விடுதலை பெற்ற மறுவருடம், மழைக்கு முன்னால் பெரிய சூளை எரிந்துகொண்டிருந்தது. சூளையை மேலே மூடிய மண்பூச்சில் விரிசல் கண்டு, ஏறி மண் பூசும்படி முதலாளி அத்தானிடம் சொன்னார். கல் தாங்காது என்று அத்தான் தயங்கியும் அவர் விடவில்லை. மண்கூடையோடு ஏறியவரின் காலடியில் கல் சரிந்தது. அத்தான் உள்ளே போய்விட்டார்.

பக்கச் சுவரை இடிக்க இரண்டு பேர் கடப்பாரை எடுத்தார்கள். முதலாளி தடுத்தார். ஆள் செத்தாயிற்று, திறந்தால் கல் அத்தனையும் பாழ் என்றார்.

“அவரு சாகல்ல மொதலாளி. சத்தம் கேக்குது,” என்றார் அக்காள்.

எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் அசையவில்லை. அக்காள் வெறுங்கையால் சுவர்க் கல்லைப் பிடுங்கினார். கை வெந்தது. அப்பா அவரைப் பின்னாலிருந்து இழுத்துப் பெண்களிடம் பிடித்துக்கொடுத்தார். தீ தணிகிறதே என்று முதலாளி அதட்டினார். அப்பா ஒரு கட்டு விறகைத் தூக்கி அடுப்புவாயில் தள்ளினார். அதற்குப் பிறகும் கொஞ்சநேரம் சத்தம் இருந்தது.

சூளை ஆறிய பின் அத்தானை ஓலைப்பெட்டியில் தந்தார்கள். செங்கல்லை வண்டிகளில் ஏற்றிப் போனார்கள்.

அக்காள் மலையடிவாரத்துக் குலசேகரத்துக்குப் போய் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினார். விரல்கள் ஒட்டிப்போன கையில் கத்தி நிற்காது, துணியால் கட்டிக்கொள்வார். சில வருடங்களில் அப்பா படுக்கையில் விழுந்தார். மூத்த மகளைப் பார்க்காமல் உயிர் போகாது என்று அழுதார். நான் போய் அழைத்துவந்தேன்.

“மக்ளே, அவன் சத்தம் எனக்கு இப்பமும் கேக்குது,” என்றார் அப்பா.

“நீங்க வெறகு போடும்பமும் கேட்டுதே அப்பா,” என்றார் அக்காள்.

அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அக்காள் தண்ணீர்கூடக் குடிக்காமல் மலைக்குத் திரும்பினார். அப்பா இறந்து எரியூட்டியபோதும் வரவில்லை.

போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ன எரிக்கண்டாம் ஏட்டி. தீ வேண்டாம்,” என்றார். புதைப்பது நம் குடும்ப வழக்கமல்ல என்று உங்களில் பெரியவர்கள் பலர் கோபித்துத் திரும்பிப் போனீர்கள். தம் நிலத்தின் ஓரத்தில் இடம் தந்த பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தாருக்கும், கொட்டும் மழையில் குழி வெட்டிய தோட்டத் தொழிலாளிகளுக்கும் எங்கள் நன்றி. அக்காளை மண்ணில் வைத்தோம். மண் ஈரமாக இருந்தது.