அரை வளையம் பாக்கி

கடற்படைக் கிடங்கின் ஸ்டோர்கீப்பர் அம்மாள், கரையேறும் போர்க்கப்பல் ஒன்றுக்குப் புது ரப்பர் வளையத்தைக் கத்தரியால் பாதியாக வெட்டிக் கொடுத்தாராம். துறைமுகம் முழுக்க இதே பேச்சு. விசாரித்ததில் கத்தரி பொய். ஆனால் பாதி உண்டு.

அம்மாளுக்குப் பட்டப்பெயர் பழசக்கா. உடைந்த பழசைக் கொடுத்தால்தான் புதுசு. இல்லாவிட்டால் புதுசெல்லாம் கால் முளைத்துச் சந்தைக்கு நடந்துவிடும் என்பது அவர் கட்சி. வீட்டுக்காரரும் தேய்ந்த பிரஷ்ஷை நீட்டித்தான் புது பிரஷ் வாங்குவார்.

அந்தக் கப்பலுக்குத் தட்டை வயிறு. நேராக மணலில் ஏறி, வாயைத் திறந்து, சாய்தளத்தை நாக்கு மாதிரி நீட்டி டாங்கிகளை இறக்கும். பிறகு, வரும்போதே பின்னால் கடலில் போட்டுவைத்த நங்கூரத்தை இழுத்துப் பிடித்துத் திரும்பிவிடும். அன்று ஒத்திகையில் நீட்டிய நாக்கு உள்ளே போகவில்லை. நாலு மணிக்கு நீர் இறங்கத் தொடங்கினால் கப்பல் மணலிலேயே உட்கார வேண்டியதுதான், ஊரே வேடிக்கை பார்க்க.

பதினொரு மணிக்குக் கப்பல் என்ஜினியர் ஓடி வந்தார்.

"அக்கா, சாய்தளத்தத் தூக்குற சிலிண்டருக்கு வளையம் ஒண்ணு, சீக்கிரம்!"

"பழசு எங்கே?"

வைத்தார்.

"இது பாதி."

"மீதி எண்ணெயோட பீச்சியடிச்சுக் கடல்ல விழுந்துடுச்சுக்கா."

"தேடினீங்களா?"

"அக்கா, அது கடல்!"

"நான் என்ன அடுப்படியிலயா தேடச் சொன்னேன்? இருபத்திரண்டு வருஷமா என் ரிஜிஸ்டர்ல ஒரு கட்டம் காலி கிடையாது தம்பி. இன்னிக்கு விழுந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நடப்பேன்?"

கிடங்கைப் பூட்டினார். புது வளையத்தைத் தோளில் மாட்டி, ரிஜிஸ்டரை இடுக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

கப்பல் அவருக்கு அதுவரை ரிஜிஸ்டரில் பதினோராயிரம் உதிரிபாக எண்கள்தான். நேரில் பார்த்ததே இல்லை. திறந்த வாயைக் கண்டதும் கால் தரையில் பாவவில்லை.

"ஐயோ, அந்தக் கப்பி நான் குடுத்தது! இந்தச் சங்கிலியும் நான் குடுத்ததுதான்! அடேயப்பா, இதையெல்லாம் சேத்தா இவ்ளோ பெருசா வருமா?"

கேப்டனே கால்சட்டையைச் சுருட்டி, பத்து மாலுமிகளோடு தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு கிடைத்தது. நண்டு கிடைத்தது. அரை வளையம் மட்டும் கிடைக்கவில்லை. மணி ஒன்றரை.

"அம்மா, கப்பல் போகணும். மீதிப் பாதி என் பொறுப்பு" என்றார் கேப்டன்.

பழசக்கா கப்பலைப் பார்த்தார், ரிஜிஸ்டரைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'கொடுத்தது ஒன்று. பெற்றது அரை. பாக்கி அரை.' கேப்டன் கையெழுத்துப் போட்ட பிறகே வளையம் தோளை விட்டு இறங்கியது.

மூன்றே முக்காலுக்கு நாக்கு உள்ளே போனது. கரையில் கைதட்டல். உள்ளேயும் ஒரு கைதட்டல். கப்பலுக்குள் ஏறித் தான் கொடுத்த போல்ட்டுகளைத் தடவித் தடவி எண்ணிக்கொண்டிருந்த பழசக்கா இறங்கவே மறந்திருந்தார். நங்கூரத்தை இழுத்துக் கப்பல் பின்வாங்கியது. போர்க்கப்பலில் பவனி வந்து தன் கிடங்கு வாசலிலேயே இறங்கினார்.

காத்திருந்த வீட்டுக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "முழுசாத்தான் வந்திருக்கா. எனக்குப் பாக்கி ஒண்ணுமில்ல."

இப்போதும் அந்தக் கப்பல் துறைமுகத்துக்கு வந்தால் பழசக்கா ரிஜிஸ்டரோடு போய் நிற்கிறார்.

"கேப்டன் சார், அரை எங்கே?"

"தேடிட்டே இருக்கோம்மா!" என்று மேல்தளத்திலிருந்து குரல் மட்டும் வருகிறது. ஆள் இறங்கி வருவதில்லை.