மிளகுக்கு வந்த நோட்டீஸ்

செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். எங்கள் மலையின் வாழவந்தி நாட்டுப் பெண்கள் பதினோரு பேர் குழுவாகச் சேர்ந்து தங்கள் தோட்டத்து மிளகைப் பாக்கெட் போட்டு விற்க முடிவு செய்தபோது, லேபிள் அடித்துக் கொடுத்தது நான்தான். இணையக் கடை ஒன்றில் அவர்களுக்குப் பக்கம் திறந்து கொடுத்ததும் நான்தான். 'மலை மிளகு' என்று பெயர் வைத்தோம். பெயருக்காக யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. மலையில் விளைந்தது, மிளகு.

மூன்றாவது மாதம் ஒரு காலையில் பார்த்தால் அந்தப் பக்கத்தையே காணோம். மின்னஞ்சலில் இரண்டு பக்கத்துக்கு ஆங்கில நோட்டீஸ் வந்திருந்தது. அனுப்பியது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. இணையக் கடையிடம் புகார் கொடுத்துப் பக்கத்தை எடுக்க வைத்ததும் அவர்கள்தானாம். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கம்ப்யூட்டர் ஒன்றை அவர்கள் 'மிளகு' என்ற பெயரில் விற்கிறார்களாம். அந்தச் சொல்லும் கறுப்பு உருண்டைச் சின்னமும் அவர்களுக்கே சொந்தமாம். எங்கள் பாக்கெட்டைப் பார்த்து அவர்களுடைய வாடிக்கையாளர்கள் குழம்பிப்போவார்களாம். பதினைந்து நாளில் பெயரை எடுக்காவிட்டால் வழக்கு.

வழக்கு என்றால் என் மேல்தான் வரும். பக்கம் என் பெயரில்தான் இருந்தது. குழுவின் தலைவியை வரச்சொல்லிவிட்டு, அவர் வருவதற்குள் அவசர அவசரமாக 'கறுப்பு மணி' என்று புது லேபிள் ஒன்றை அடித்து வைத்தேன். வந்ததும் அவர் அதை எடுத்துப் பார்த்தார்.

"இதென்ன அம்மணி, வளையல் கடைக்கா?"

நோட்டீஸைத் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பச்சையாப் பறிக்கிறோம். வெயில்ல காயப்போட்டா அதுவாக் கறுத்து உருண்டையா வருது. இனி அவங்களைக் கேட்டுட்டுத்தான் காயப்போடோணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் பயம் பாதி போய்விட்டது. நோட்டீஸின் அடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எடுத்தவர் கம்பெனியின் வக்கீல். நல்லவேளையாகத் தமிழர்.

"நீங்க என்ன விக்கிறீங்க?" என்றார்.

"மிளகுங்க" என்றேன்.

"அந்தப் பேரைத்தான் பயன்படுத்தக் கூடாதுன்னு சொல்றோம்."

தலைவி போனருகே குனிந்தார். "சரிங்க சாமி, நீங்க என்ன விக்கிறீங்க?"

"மிளகு."

"ரசத்துக்குப் போடலாமுங்களா?"

"எழுத்துல பதில் அனுப்புங்க" என்று வக்கீல் போனை வைத்துவிட்டார்.

அனுப்பினோம். பதினோரு பேரும் கடைக்குள் நெருக்கியடித்து நின்று ஆளுக்கொரு வரி சொல்ல, தமிழிலேயே அடித்தேன். நாங்கள் மிளகு என்று சொல்லி மிளகைத்தான் விற்கிறோம். நீங்கள் மிளகு என்று சொல்லிக் கம்ப்யூட்டர் விற்கிறீர்கள். இதில் வாடிக்கையாளரைக் குழப்புவது யார் என்று பதினைந்து நாளில் தெரிவிக்கவும். கீழே பதினோரு கையெழுத்து. சந்தேகம் இருந்தால் கடித்துப் பார்க்கட்டும் என்று ஒரு பாக்கெட் மிளகையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் விட்டோம்.

பன்னிரண்டாம் நாள் தபாலில் தமிழிலேயே பதில் வந்தது. தவறுதலாக நோட்டீஸ் அனுப்பப்பட்டுவிட்டது, வருந்துகிறோம், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். அன்று மாலையே பக்கம் பழையபடி வந்துவிட்டது.

அடுத்த சந்தையன்று தலைவி அந்தக் கடிதத்தைப் பத்து ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். அசலையும் சேர்த்துக் குழுவில் ஆளுக்கொன்று. கடை வாசலில் நின்று என்னை உரக்கப் படிக்க வைத்தார்கள். 'வருந்துகிறோம்' என்ற இடம் வந்ததும், "அதை இன்னொருக்காப் படி கண்ணு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. படித்தேன். பஸ்ஸில் ஏறியவர்கள்கூட இறங்கி வந்து என்ன விஷயம் என்று கேட்டார்கள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் எதையும் படித்ததில்லை.