கறுப்பு மண்ணைக் களவாடியது யார்

அவளுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் கண்கொத்தி. கட்டிய கணவனையும் நம்பவில்லை. அவர் இறந்துவிட்டதாக மருத்துவர் கொடுத்த சீட்டையும் நம்பவில்லை. ஐம்பத்தெட்டு வயதிலும் கேரட் வயலை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டாள். கூலிக்கு ஆள் வைத்தால் அவர்களையும் கண்காணிக்க வேண்டுமே!

அந்த வயல் ஒரு காலத்தில் சதுப்பு. மாமனார் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார். அடியிலிருந்த களிமண் வரை ஓர் இரும்புக் குழாயை இறக்கி, அதன் தலையைத் தரைமட்டமாக விட்டார். இப்போது அந்தத் தலை அவள் முழங்காலைத் தொடுகிறது. முழங்கால் உயர மண்ணைக் காணோம். மிச்சம் ஒரு முழம்தான். அதுவும் போனால் வெறும் களி. அதில் களைகூட யோசித்துத்தான் முளைக்கும்.

திருடன் யாரென்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த வயல்காரன், அவள் கொழுந்தன், தொட்டிச் செடி விற்கிறான். தொட்டி நிறையக் கறுப்பு மண். வேறு சாட்சி எதற்கு? மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வரப்பில் சாம்பல் தூவிக் காலடி தேடினாள். நாயின் காலடிதான் கிடைத்தது.

"நாயையும் பழக்கி வெச்சிருக்கான்" என்றாள் மகளிடம்.

மண் ஆய்வுக்கு வந்த பெண் வயலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து, அதற்குள் சேர்ந்த காற்றை அளந்து பார்த்தாள். "யாரும் திருடலம்மா. தண்ணிக்குள்ள மக்காம கெடந்த புல்லும் வேரும்தான் இந்த மண்ணு. தண்ணிய வடிச்சதும் காத்து பட்டு மக்குது. கார்பன் டை ஆக்சைடா மேல போயிடுது. வண்டிப் புகையில இருக்குமே, அதேதான்."

"முழங்கால் மண்ணு காத்தாப் போச்சா? யாருக்கும்மா காது குத்துற? கொழுந்தன் உனக்கு எத்தனை தொட்டி குடுத்தான்?"

"நம்ப வேணாம். எப்பவும் ஈரமா இருக்கற எடம் எறங்காது. போய்ப் பாருங்க."

அவள் தலை மறைந்ததும் கண்கொத்தி தையல் டேப்போடு கிளம்பினாள். மதகு ஒழுகும் மூலை எப்போதும் சொதசொதவென்றிருக்கும், ஏர் பட்டதில்லை. கொழுந்தன் வேலியை ஒட்டிய இடம், திருட அதைவிடத் தோதான இடம் கிடையாது. அந்த மூலை மட்டும் வயலைவிட முழங்கால் உயரம் மேடாக நின்றது. இரண்டு முறை அளந்தாள். டேப்பையும் திருப்பிப் பார்த்தாள்.

ஆக, வாய்க்காலைத் தூர் வாரித் தூர் வாரி மண்ணைக் காற்றில் அனுப்பிவைத்தது அவள் கைதான்.

மறுநாள் காலை கொழுந்தன் வாசலில் நின்றாள்.

"கேரட் எடுத்ததும் மதகை அடைக்கணும். அடுத்த விதைப்பு வரைக்கும் வயல் ஈரமாக் கெடக்கட்டும். உன் பக்க மதகுப் பலகையும் போட்டாத்தான் தண்ணி நிக்கும்."

"இப்ப என்ன அண்ணி, பலகையையும் நான் திருடிட்டேனா?"

"இல்ல, இருக்கு. பார்த்துட்டுத்தான் வந்தேன்."

அவன் சிரித்துவிட்டான். "சரி, போடறேன். உள்ள வாங்க."

நுழையும்முன் தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். சாணமும் மரத்தூளும்.

"இதையா மண்ணுன்னு சொல்லி விக்கிற?"