பட்டினிப் பாத்தி

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொல்லிவைத்த புண்ணியவான்கள் யாரும் டில்லிக்கு ஆராய்ச்சி நிதி கேட்டு விண்ணப்பம் போட்டுப் பார்த்ததில்லை. சைமன்ராஜ் பார்த்தார், அதுவும் மூன்று தடவை. முதல் தடவை, அனுபவம் போதாது என்றார்கள். அடுத்த தடவை, எட்டு வருடத்துக் கணக்கை வைத்துக்கொண்டு மண்ணைப் பற்றி என்ன பேசிவிட முடியும் என்று திருப்பி அனுப்பினார்கள். 2003-இல், அவருக்கு ஐம்பத்தொரு வயது நடந்தபோது, பதினைந்து வருடத்துக்கு மேல் ஆராய்ச்சி செய்த மூத்த விஞ்ஞானிகளுக்கென்றே பத்து வருட நிதி ஒன்று அறிவிப்பானது. இதற்கும் தகுதியில்லை என்று எவன் சொல்கிறான் பார்ப்போம் என்று மனிதர் வரிந்துகட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

நெல்லிக்குப்பத்துக்காரர். நெய்வேலி சுரங்கக் கம்பெனியில் வேலை, பதினெட்டாம் பிளாக்கில் குவார்ட்டர்ஸ், மனைவி மார்த்தாள் டீச்சர், போக வர ஒரு பழைய ஸ்கூட்டர். பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணை எல்லாம் தோண்டி மலைமலையாகக் கொட்டுகிறார்களே, அந்த மேட்டில் மறுபடி பயிர் விளையுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. 1987-இல் மேட்டின் ஓரமாக இருபத்து நான்கு பாத்தி கட்டினார். ஒன்றுக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு ஏரி வண்டல் என்று இருபத்து மூன்றுக்கு விதவிதமாக இட்டார். கடைசிப் பாத்திக்கு மட்டும் ஒன்றும் இடவில்லை. இடாதது ஒன்று இருந்தால்தானே இட்டவற்றை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்? அதில் ‘கன்ட்ரோல்’ என்று ஆங்கிலத்தில் பலகை நட்டார்.

அங்கே கான்ட்ராக்டில் களையெடுக்க வந்த கலியம்மாள் அதற்குப் பட்டினிப் பாத்தி என்று பேர் வைத்தாள். அவள் குடும்பத்து நிலமும் சுரங்கத்துக்குள் போனதுதான். இந்த மேட்டில் எந்தக் கூடை மண் என்னுடையதோ யார் கண்டது என்பாள்.

அந்தப் பட்டினிப் பாத்திதான் சைமன்ராஜைத் தூக்கி நிறுத்தியது. வருடா வருடம் மண்ணை எடுத்துச் சோதித்தால், நான்காம் வருடத்திலிருந்து அதில் சத்து ஏறிக்கொண்டே வந்திருந்தது. மண்புழுகூட வந்துவிட்டது. முதலில் அவரே நம்பவில்லை. சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, கொன்று கொட்டிய மண்கூடத் தன்னாலே உயிர் பிழைக்கும் என்று முடிவுக்கு வந்தார். விண்ணப்பம் முழுக்க அந்த ஒரு வரியின் மேல்தான் நின்றது. டில்லியில் முதல் கட்டம் தேறியும் விட்டது. அந்தப் பாத்தியின் புது மண்ணைச் சோதித்து முடிவை எழுதி, சொன்னதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டு மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொன்னார்கள். நிதி வந்தால் இன்னும் பத்து வருடம் பாத்திகள் இருக்கும், கலியம்மாளுக்கும் வேலை இருக்கும். வராவிட்டால் மார்ச்சோடு மூட வேண்டும் என்று ஆபீசில் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

நாள் குறைவாக இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மேட்டுக்குப் போனார். லீவு நாளில் அவர் அங்கே போனதே இல்லை. போனால், பட்டினிப் பாத்தியில் கலியம்மாள் குனிந்து நிற்கிறாள், இடுப்பில் கூடை.

என்ன அது என்று கேட்டார். ஆட்டுப்புழுக்கையும் அடுப்புச் சாம்பலும் என்றாள். குற்றம் செய்த முகமே இல்லை. பிள்ளைக்குச் சோறூட்டும்போது யாரோ வந்துவிட்டதுபோல் லேசாக வெட்கப்பட்டாள், அவ்வளவுதான்.

"எத்தனை நாளா கலியம்மா?"

"மூணு வருசம் பாத்தேங்க. அப்பறம் மனசு கேக்கல. எல்லாத்துக்கும் போட்டுக்கினு இத மட்டும் காயப் போட்டா எப்படிங்க சார்? பெத்த புள்ளைங்கள்ல ஒண்ண மட்டும் பட்டினி போடுவாங்களா? வூட்டுல கெடக்குறதுதானேன்னு எடுத்தாந்து போட்டுக்கினு வரேன்."

மூன்று வருடம். அவருடைய வரைபடத்தில் சத்தின் கோடு மேலே ஏறத் தொடங்கியது நான்காம் வருடம்! அப்படியே பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பதினாறு வருட உழைப்பு, ஒரு கூடை ஆட்டுப்புழுக்கையில் போயிற்று. கோபம் வந்தது, ஆனால் யார்மேல் காட்டுவது? அதைத் தொடாதே என்று பதினாறு வருடத்தில் அவர் வாய்திறந்து ஒருதரம் சொன்னதில்லை. பலகை சொல்லும் என்று விட்டுவிட்டார். அதைப் படிக்க அவள் எந்தக் கான்வென்டில் படித்தாள்?

மனசு விடுமா? எவ்வளவு போட்டாள் என்று தெரிந்தால் கழித்துப் பார்க்கலாமே என்று துருவித் துருவிக் கேட்டார். வாரம் ஒரு கூடை இருக்கும் என்றாள். மழைக்காலத்தில் இல்லை. மகள் பிரசவத்துக்கு வந்தபோது நாலைந்து மாதம் போடவேயில்லை, அதற்காக அப்புறம் சேர்த்துப் போட்டாளாம். எந்த வருடம் என்பது நினைவில்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒப்பிட ஆள் இல்லாமல் மற்ற இருபத்து மூன்று பாத்தியும் வாயடைத்துப் போயின.

வீட்டுக்கு வந்து மார்த்தாளிடம் சொன்னார். உங்களையும் அவளையும் தவிர இது யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. அவருக்கும் அதே நினைப்புதான். மூன்று நாள் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். சனிக்கிழமை கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கக்கூடிய கையெழுத்து, இப்போது பொய்க் கையெழுத்து. உண்மையை எழுதினால் விண்ணப்பமே இல்லை. போடாவிட்டால் கலியம்மாள் வயிற்றில் அடித்த மாதிரி. மாதக் கடைசி வந்தது, போயிற்று. கவர் மேசையிலேயே கிடந்தது. ஏன் அனுப்பவில்லை என்று ஆபீசில் கேட்டபோது, தாமதமாகிவிட்டது என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டார்.

கலியம்மாளிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. என்னவென்று சொல்வது? நீ பாசமாகச் செய்தாயே, அதுதான் என்னையும் உன்னையும் கெடுத்தது என்றா? டில்லியில் கொடுக்கவில்லை என்றார். அவள் அடுத்த ஞாயிறும் கூடையோடு வந்தாள். அவர் தடுக்கவில்லை.

மார்ச் கடைசி நாள், பலகைகளைப் பிடுங்கி அடுக்கினார்கள். பட்டினிப் பாத்தியின் பலகையைக் கலியம்மாளே பிடுங்கித் துடைத்துக் கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"நான்தான் சார் விட்டுட்டேன். பொண்ணு பிரசவத்தப்ப நாலு மாசம் போடாம இருந்தேன் பாருங்க. அத வுடாம போட்டிருந்தா டில்லிக்காரங்களுக்குப் புடிச்சிருக்கும், இல்லீங்களா?"

சைமன்ராஜ் பலகையை வாங்கி ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"இல்ல கலியம்மா. நீங்க போட்டதுல ஒரு கொறையும் இல்ல" என்றார்.