பர்மிட் ரூமுக்கு நான் போட்ட ஓட்டு

இந்த மராத்தி ஊரில், கேம்ப் என்கிற ராணுவப் பகுதியில், எங்கள் சந்து முனையில் ஒரு பர்மிட் ரூம் இருந்தது. சாராயக் கடை என்றெல்லாம் இங்கே சொல்ல மாட்டார்கள், பர்மிட் ரூம்தான். என் வீட்டுக்காரர் ராணுவ ஸ்டோரில் வேலை முடிந்து நேரே அங்கே போவார். தள்ளாடி வந்ததில்லை, கை நீட்டினதில்லை, அதையும் சொல்லிவிடணும். வந்தால் சாப்பாடு. "சாம்பார் ஊத்து", "விளக்க அணை", அதுக்கு மேலே ஒரு பேச்சு கிடையாது. அவர் சுபாவமே அப்படித்தான் என்று இருபது வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாவியை உள்ளே வைத்துவிட்டுப் பூட்டை அமுக்கிவிட்டேன். இன்னொரு சாவி அவரிடம். யாரையாவது அனுப்பிக் கேட்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. நானே அந்தக் கடைப் படியேறினேன்.

வெளியே இன்னும் வெயில். உள்ளே முதலில் கண்ணே தெரியவில்லை. அப்புறம் அழுக்கேறிய சிவப்பு பல்பு, நாலு மேசை, வெங்காயம் போட்ட கடலை. எவர் முகமும் சரியாகப் பிடிபடாத வெளிச்சம். அதற்குள்ளிருந்து அவர் குரல், இந்தியில், கையை ஆட்டி ஆட்டி:

"தாலி கட்டணும், என் கை வெடவெடன்னு ஆடுது. எங்க பக்கம் மொத முடிச்சு மாப்பிள்ளை, மீதி ரெண்டும் அவன் அக்கா. என் முடிச்சையும் சேர்த்து மூணும் அக்காதான் போட்டா. குனிஞ்சிருந்தவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது!"

"அப்போ அண்ணி கட்டிக்கிட்டது உங்க அக்காவையா, அண்ணா?" என்றான் ஒருத்தன். மேசையே குலுங்கியது. அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

என்னைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. சாவி கேட்டேன், நீட்டினார்.

எனக்குக் குடிமேல் கோபமில்லை. அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்பது புரிந்துபோனதுதான் எரிச்சல். முகம் தெரியாத இடத்தில் மனுஷனுக்கு வாய் திறக்கிறது. ஏன், நான் கேட்க மாட்டேனா?

சில வருஷம் கழித்து அந்தக் கடையை மூடச் சொல்லி ஓட்டு வந்தது. பெண்கள் மட்டும் போடுகிற ஓட்டு. சீட்டில் நிற்கிற பாட்டில் ஒன்று, படுத்த பாட்டில் ஒன்று. படுத்தது ஜெயித்தால் கடை மூடணும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கும் படம் புரியும்.

"உங்க வீட்டுக்காரர் தங்கமாச்சே மாவ்ஷி, உங்களுக்கு எதுக்கு இந்த வரிசை?" என்று, என்னைச் சித்தி முறை வைத்து மாவ்ஷி என்கிற பக்கத்து வீட்டு மராத்திக்காரி சிரித்தாள்.

"என் ஓட்டு, என் இஷ்டம்."

படுத்த பாட்டிலில் குத்தினேன். கடை போனால் பேச்சு வீட்டுக்கு வரும் என்று நினைத்தேன்.

கடை போனது. அவர் ஆறு மணிக்கே வந்து, டியூப் லைட் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு காபியை வைத்துவிட்டு நானே ஆரம்பித்தேன்.

"நம்ம கல்யாணத்துல உங்க கை நடுங்குச்சாமே?"

நிமிர்ந்து பார்த்தார். "நீயும் படுத்ததுலதான் குத்தினியா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "ஆமா" என்றேன்.

"நல்லா இரு."

அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். தினமும் அதே நாற்காலி, எதிரில் நான். இனி நானாகக் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கடைசிவரை கேட்கவும் இல்லை.